மூடி போட்ட டிரம்

— கார்ப்பரேஷன்லேருந்து மீட்டரோட வந்து நிக்கறீங்க, ஆனா புகை எங்க மேடம் இருக்கு? நீங்களே பாருங்க. குப்பையை டிரம்முல கொட்டி, பத்த வெச்சு, லேசா தண்ணி தெளிச்சு, மூடியைப் போட்டுருவேன். பக்கத்து வீட்டுக்காரங்களே வாயடைச்சுப் போயிட்டாங்கன்னா பாத்துக்குங்க.

— குப்பை வண்டியில போட வேண்டியதுதானே?

— வண்டி நாலு நாளைக்கு ஒரு தடவை எட்டிப் பாக்குது. அதுவரைக்கும் நாத்தத்தை யாரு தாங்கறது?

— சரி. மூடி போட்டா நெருப்புக்குக் காத்து பத்தாது. கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு எக்கச்சக்கமா வரும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. டிரம்முக்கு நேர் மேல இருக்கற இந்த ஜன்னல் எந்த ரூம்?

— எங்க ரூம்தான். உள்ள என் சம்சாரம் படுத்திருக்கா. தலைவலி, வாந்தி, மயக்கம்னு தினமும் ஒரு பாட்டு. காலைல இதைப் பத்த வெச்சுட்டு நான் வேலைக்குப் போனா, சாயங்காலம் வரைக்கும் படுக்கைதான்.

— டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?

— ஒண்ணுமில்லைன்னுட்டாரு. அம்மா வீட்டுக்குப் போனா மட்டும் ரெண்டே நாள்ல தெம்பாயிடறா. என்ன அர்த்தம்? என்கூட இருக்கப் பிடிக்கல. நானும் எவ்வளவுதான் பொறுக்கறது? நாளைக்கு ஒரேயடியா அங்கயே விட்டுட்டு வரப்போறேன், பாத்துக்குங்க.

— கொஞ்சம் தள்ளுங்க. மீட்டரை உள்ள வெச்சுப் பாக்கணும். ஏம்மா, எந்திரிக்க முடியுதா?

— சுவத்தைப் பிடிச்சுக்கிட்டா முடியும் மேடம்.

— வாங்க, என் தோளைப் பிடிச்சுக்குங்க. வெளிய காத்துல இப்படி உக்காருங்க. சார், இங்க பாருங்க. அந்த வாயு ஒன்பதுக்குள்ள இருக்கணும். நூத்திப்பத்து காட்டுது.

— மீட்டர் தப்பா காட்டியிருக்காதா மேடம்?

— நேத்துதான் சரிபார்த்தோம். உங்க சம்சாரம் எட்டு மணி நேரம் இதைத்தான் சுவாசிக்கறாங்க. முதல்ல மண்ணைப் போட்டு அணைங்க. வண்டி தினமும் வர நான் ஏற்பாடு பண்றேன். இவங்களை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்த டெஸ்ட் எடுங்க.

— இதோ கிளம்பறேன். ஏய், நான் ஒரு மடையன்டி. எட்டு மாசமா நீ சொன்னதெல்லாம் நிஜம்தான். நாளைக்கு நீ எங்கயும் போக வேண்டாம், சரியா?

— ஆஸ்பத்திரிக்கு வரேங்க. அங்கிருந்து அம்மா வீட்டுல இறக்கி விட்டுருங்க. தலைவலியை நம்பறதுக்கு உங்களுக்கு ஒரு மீட்டர் வந்துச்சு. நான் சொல்ற மத்ததுக்கெல்லாம் எந்த மீட்டரைத் தேடிட்டு அலைவேன்?