கருநாரை வந்த காலை

காலையில் சீக்கிரம் எழுந்திருக்கிறவனைப் பற்றி எல்லோருக்கும் ஒரு நல்ல அபிப்பிராயம் உண்டு. அதை வைத்துத்தான் நானும் இத்தனை வருஷம் காலத்தை ஓட்டினேன்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரார் பார்வையைச் சரிபார்ப்பது தொழில். ஆனால் பதினொரு வருஷமாகச் சரணாலயத்துக்குப் போயும் அபூர்வமான பறவை ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. அது வருகிற நேரம் பார்த்து நான் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பேன்.

எங்கள் பறவை பார்க்கும் குழுவுக்குச் செயலாளர் என் அக்கா வீட்டுக்காரர். பல் டாக்டர். நல்ல மனிதர்தான், வாய் மட்டும் சும்மா இருக்காது. சதுப்பின் அக்கரையில் உள்ள குடிலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். அபூர்வப் பறவையைப் பார்த்தால் அதில் எழுதலாம். இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். குளிர் விட்டு மரங்கள் துளிர்க்கத் தொடங்கிய முதல் ஞாயிறு, மனசு கேட்காமல் 'கருநாரை, ஒன்று' என்று எழுதிவிட்டேன். பார்த்தது புத்தகத்தில்.

அன்று மாலைக் கூட்டத்தில் அத்தான் அதை உரக்க வாசித்தார்.

“மச்சான், அது நாரை இல்ல, உன் லென்ஸ்ல ஒட்டின தூசி. நாளைக்குக் காலைல நானே வந்து பாக்கறேன். இல்லேன்னா இந்தப் பதிவேட்டுல உன் பேரே இருக்காது.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் முகவாகு அப்படி, அதையும் சிரிப்பென்றே எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடியும்போதே கரையைச் சுற்றிக் குடிலுக்குப் போனேன். குறுக்குவழியான மரப்பாதை நடுவில் உளுத்துவிட்டதென்று காவலர் முந்தின சாயங்காலம்தான் அதன் முகப்பில் எச்சரிக்கைப் பலகை மாட்டியிருந்தார். காற்றில் அது டமார் டமாரென்று அடித்துக்கொண்டது. பறவைகள் மிரளுமே என்று போகிற வழியில் கழற்றிக் கொண்டுபோய்க் குடிலுக்குள் வைத்தேன். அத்தான் எப்போதும் குறுக்குவழியில்தான் வருவார். அதுவும் எனக்குத் தெரியும்.

ஏழு மணிக்குக் கருநாரை வந்தது. நிஜமாகவே வந்தது. சிவப்பு அலகு, சிவப்புக் கால். இருபதடி தூரத்தில் நின்று மீன் தேடியது. பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டேன்.

பத்து நிமிஷத்தில் அத்தான் மரப்பாதையில் வந்தார். நடுவில் மரம் முறிந்தது. முதலில் இடுப்புவரை சேறு, பிறகு நெஞ்சுவரை.

“மச்சான், அந்தக் கயித்த எடுத்துட்டு ஓடி வாடா.”

கயிறு என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. ஆனால் குடிலுக்குள் பேசக்கூடாது, அசையக்கூடாது என்று எழுதி ஒட்டியவர் அவரேதான். நான் விதிகளை மதிக்கிறவன்.

என் குறிப்பேட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. '7.10, மனிதக் குரல், இடையூறு. 7.25, குரல் தணிந்தது. 7.40, அமைதி.' பதினொரு வருஷத்தில் நான் எழுதியவற்றில் யாரும் குறை சொல்ல முடியாத பதிவு அது ஒன்றுதான்.

“உனக்குக் கேக்கவே இல்லையாடா?” என்று அக்கா கேட்டாள்.

“கேக்கலக்கா” என்றேன். கண்தான் போதாதென்றால் காதும் அப்படித்தான் என்று ஆகிவிட்டது.

அசைந்தால் நாரை பறந்துவிடும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன் என நேற்று உங்களிடம் சொன்னேன். அந்தக் கத்தலுக்கும் ஒரு பறவை அங்கேயே நிற்குமா என்று இன்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

நிற்காது ஐயா. மரம் முறிந்த சத்தத்திலேயே அது எழும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு அரை மணி நேரமும் நான் பைனாகுலரில் பார்த்தது அத்தானைத்தான்.