மூன்று பேர் வராத தேர்வு

கல்விக் குழுவின் தலைமை இருக்கையில், எவ்வளவு நீண்ட பேச்சுக்கும் எழுந்து ஓடாத ஆஸ்மண்ட் கிர்க்வுட் அவர்களே, தலைநகரிலிருந்து ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கும் மாநிலக் கல்வி அதிகாரி லெனோரா பிஷாப் அவர்களே, மாடுகளை மேய்ச்சலிலும் மனத்தை இங்கேயும் வைத்திருக்கும் பண்ணைப் பெரியோர்களே, பிள்ளைகளை மடியிலும் பேச்சை நாவிலும் அடக்கி வைத்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

நம் கெட்டில் ஓடைப் பள்ளி தோற்ற பள்ளி என்று அன்றொரு கடிதம் வந்ததே, நினைவிருக்கிறதா? எதில் தோற்றோம்? எழுத்திலா? எண்ணிலா? இல்லை, வருகையில் தோற்றோம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகளாவது தேர்வு எழுத வேண்டும் என்றது வாஷிங்டன் போட்ட அன்றைய நடுவண் சட்டம். நம்மிடம் இருந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். எழுதியவர்கள் முப்பத்தொன்பது. இன்னும் ஒரு பிள்ளை வந்திருந்தால் தப்பியிருப்போம்.

வராத மூவரும் மாட்டுப் பண்ணைக்காரர் டெல் ஹாகனின் பிள்ளைகள். அன்று பனிப்புயல். பசுக்கள் கன்று ஈன்றுகொண்டிருந்தன. விறைத்த கன்றுகளுக்குச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள் பிள்ளைகள். தொடர்ந்து சறுக்கினால் ஆசிரியர்களையே மாற்றலாம் என்றது கடிதம். மாற்றினால் முதலில் போகவேண்டியவள், தலைமையாசிரியை மார்லிஸ் ட்வெட் என்னும் நான்.

ஊர் யாரைத் திட்டியது? சட்டத்தையா? டெல்லைத்தான் திட்டியது. "உன் மாட்டுக்காக எங்க பள்ளிக்கூடத்தையே கவுத்துட்டியேப்பா" என்றார் தீவனக் கடைக்காரர். அதன்பின் டெல் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை.

பிறகு சட்டம் மாறியது. பள்ளியை எப்படி எடைபோடுவது, சறுக்கினால் என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் மாநிலங்களே முடிவு செய்யலாம் என்றது. லெனோரா அவர்கள் இதே கூடத்துக்கு வந்து நம் கருத்தைக் கேட்டார்கள். "தேர்வே வேணாங்க" என்று ஒரே குரலில் சொன்னோம். ஆமாம், நானும்தான் சொன்னேன்.

அப்போது டெல் எழுந்து தொப்பியைக் கழற்றினார். "தேர்வை எடுத்துடாதீங்கம்மா. அடுத்த வருஷம் எழுதினப்பதான் என் பொண்ணு ப்ரிட்டாவுக்குப் பின்னக் கணக்கே வரலைன்னு தெரிஞ்சுது. ரிப்போர்ட் கார்டுல 'நல்லா படிக்கிறா'ன்னுதான் போட்டிருந்துது."

அந்தக் கார்டில் கையெழுத்துப் போட்டவள் நான். சிரியுங்கள், சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?" என்று கேட்டார் லெனோரா.

"தேர்வு வைங்க. குறை இருந்தா சொல்லுங்க, சரிபண்ணக் கைகொடுங்க. மூணு பேர் வரலைங்கறதுக்காக டீச்சருங்களை வீட்டுக்கு அனுப்பாதீங்க."

முதலில் கைதட்டியவர் அந்தத் தீவனக் கடைக்காரர்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் ப்ரிட்டாவை உட்கார வைத்தேன். அவள் முறைத்தாள், நான் விடவில்லை. இந்த வசந்தத்தில் கணக்கில் தேறிவிட்டாள்.

அன்பர்களே, வாஷிங்டனில் இருந்த அதிகாரம் நம் வாசல் வரை வந்துவிட்டது. அதிகாரம் அருகில் வந்தால் அக்கறையும் அருகில் வரவேண்டாமா? வாஷிங்டன்காரர்கள் கேட்காததை நீங்கள் கேட்க வேண்டாமா? வரும் செவ்வாய் மாலை ஆறு மணிக்கு இந்த ஆண்டின் தேர்வு அறிக்கையை இதே மேடையில் விரித்து வைப்பேன். மூன்றாம் வகுப்பின் வாசிப்பு சரியில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏன் என்று கேளுங்கள். எனக்கு வியர்க்கும் வரை கேளுங்கள்.

இதுவரை கேட்டதற்கு நன்றி. இனிமேல் கேட்கப்போவதற்கும் நன்றி. வணக்கம்.