கிழியாத புத்தகங்கள்

கஹவத்தை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், தோட்டப் பள்ளிக்கூட டீச்சர் புதுக் கதைப் புத்தகக் கட்டை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த, தேயிலை பறிக்கும் கொழுந்துக்காரி ஒன்றைப் புரட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இதுல ஒருத்தன்கூட திருடல, பொய் சொல்லல. இது என்ன கதைங்க டீச்சர்?"

"நல்ல கருத்து இருக்கும்மா. போன வருசம் வாங்குனதுல ஒண்ணுகூட கிழியல, தெரியுமா?"

"தொட்டாத்தானே கிழியும்! எம் மக ரெண்டாம் பக்கத்துலயே தூங்கிட்டா. எங்க லயத்து வரிசை வீடுகள்ல, பேய் ரொட்டி திருடுற கதைப் புத்தகம் ஒண்ணு வீடு வீடா சுத்துது. அட்டையே இல்ல. மூணாம் ஆண்டு வந்தும் வாசிக்கத் தெரியாத எம் மக, அதுலதான் எழுத்துக் கூட்டுனா."

டீச்சர் புத்தகக் கட்டை இறுக்கிப் பிடித்தார். இறங்கும் இடம் வந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"அத ஒரு நாளைக்குக் குடுப்பீங்களா?"

"புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குதுங்க டீச்சர். நீங்களும் வந்து வரிசையில நில்லுங்க."