ஒற்றைக் காது குத்திய பொம்மை

— பாலு இல்ல, வெண்ணெய் இல்ல, முட்டை இல்ல, தயிரும் இல்ல… அப்புறம் இந்தக் கேக்குல என்னதாம்மா இருக்குது?

— வாசல்ல நின்னு எல்லாரும் இதத்தான்க்கா கேக்குறாங்க. ராகி மாவு, நாட்டுச்சக்கரை, தேங்காப்பால், மாம்பழக் கூழு…

— தேங்காப்பாலா? அதுவும் பாலுதானே?

— ஏங்க்கா, தேங்காய்க்கு மடி இருக்கா என்ன? துருவிப் புழிஞ்ச தண்ணிக்கா அது!

— சிரிக்காதம்மா. ஒரு சொட்டு மாட்டுப்பாலு பட்டாக்கூட எம் பொண்ணுக்கு ஆவாது. ஒதடு வீங்கிடும். அப்புறம் மூச்சு… அதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன்.

— ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வீட்டுக்குள்ள பால் பாக்கெட்டே வர்றதில்ல. எங்க வீட்டுக்காரருக்கு டீ வேணும்னா கம்பெனி கேன்டீன்லயே குடிச்சிட்டு வந்துரணும். அம்புட்டு கண்டிஷன்.

— வூட்டுக்குக்கூட பாலு வாங்க மாட்டியா? ஏன்?

— அது… கொள்கைக்கா. மாட்டைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு. வீகன்னு சொல்லுவாங்க. பெங்களூர்லருந்தெல்லாம் ஆர்டர் வருது. சரி, உள்ள வாங்க. பேரு என்னக்கா?

— மாதேஸ்வரி. பக்கத்து ஊருதான். கம்பெனியில கூட்டித் தொடைக்கற வேலை.

— நான் சத்யப்ரியா. சாத்தூர்ப் பக்கம். செருப்போடவே வாங்கக்கா, பரவால்ல.

— வேணாம்மா. இங்க செருப்புப் போட்டு மிதிக்க மனசு வரல.

— அம்புட்டு சுத்தமாவா இருக்கு எந் தரை? எங்க வீட்டுக்காரர் காதுல விழணும் இது.

— மாதப்பா சாமி! எத்தன பொம்மை!

— நாப்பத்தி மூணு. இதுகளுக்குத் தனியா ரேஷன் கார்டு எடுத்துரலாம்னு அவரு கேலி பண்ணுவாரு. சந்தையில, பழைய இரும்புக் கடையில, எங்கிட்டுக் கெடந்தாலும் தூக்கிட்டு வந்துருவேன். கழுவி, முடி நட்டு, கவுன் தச்சுப் போட்டுவிட்டா புதுசு மாதிரி ஆயிரும்.

— எல்லாம் கொழந்தைங்க வுட்டுட்டுப் போனதா?

— வளந்துட்டா விட்டுடுதுகதானே.

— ம்… வளந்துட்டா.

— சரி, கேக்குல என்ன பேரு எழுதணும்க்கா?

— தர்ஷினி.

— நல்ல பேரு. வயசு?

— அஞ்சு.

— ஸ்கூல்ல சேத்துட்டீங்களா?

— பால்வாடிக்குப் போயிட்டிருந்தா. இந்தப் பக்கம் பூரா அப்ப ராகிக் கொல்லை. போற வழியில கதிரைக் கசக்கிக் கசக்கி வாயில போட்டுக்குவா. அந்தாண்ட ஏரிக்கரை.

— ராகிக் கொல்லையா? இங்க லேஅவுட் போட்டே எட்டு வருஷம் ஆச்சேக்கா… பாப்பாவுக்கு அஞ்சு வயசுன்னீங்க?

— அஞ்சுன்னே எழுதும்மா. போன வருஷமும் அஞ்சுதான்.

— என்னக்கா சொல்றீங்க?

— ஒண்ணுமில்ல… வாய் தவறி வந்துடுச்சு. ஆமா, இவ்ளோ சக்கரை தெறந்து கெடக்குது, ஒரு எறும்பக்கூட காணமே?

— மருந்து போடுறேன்க்கா.

— சாப்பாட்டுச் சாமான் பக்கத்துலயா?

— …தள்ளித்தான் போடுறது.

— மேல் தட்டுல, நீலக் கவுனு போட்ட பொம்மை… அதுக்கு முன்னால மட்டும் ஏன் ஒரு தட்டு வச்சிருக்கே?

— அதுவா… சும்மா. அழகுக்கு.

— காலித் தட்டா?

— மெழுகுவத்தி நான் தரவா, நீங்க வாங்கிக்கிடுவீங்களாக்கா?

— அத எங்க வாங்குனே?

— மெழுகுவத்தியா?

— பொம்மைய.

— பெங்களூர்ல. ஞாயித்துக்கெழமைச் சந்தையில.

— கொஞ்சம் எடுத்துக் குடேன்.

— இல்லக்கா… அத மட்டும் யார் கையிலயும் குடுக்குறதில்ல. பழசு. கை கழண்டுரும்.

— குடுக்க வேணாம். முடிய ஒதுக்கிப் பாரு, போதும். எடது காது குத்தியிருக்கும். வலது காது குத்தியிருக்காது.

— இருங்கக்கா, ஸ்டூல் போட்டு ஏறிப் பாக்குறேன்.

— இருக்குதா?

— உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?

— நான்தானே குத்துனேன். மாதேஸ்வரன் மலையில அவளுக்குக் காது குத்துனப்ப, ‘என் பாப்பாவுக்கும் குத்து’ன்னு ஒரே அழுகை. தையலூசியக் காய்ச்சி ஒரு காது குத்துனேன். ஊசி ஒடஞ்சிடுச்சு. இன்னொரு காது அடுத்த வருஷம் குத்திக்கலாம்டின்னு சொல்லி வச்சேன்.

— அப்ப… பாப்பா இத எங்கயாவது தொலைச்சிருச்சா?

— தொலைக்கல. பெங்களூருச் சந்தைக்கும் போவல. அவ கையில குடுத்து நான்தான் அனுப்புனேன்.

— எங்க அனுப்புனீங்க?

— மண்ணுக்குள்ள.

— …உக்காருங்கக்கா. மொதல்ல தண்ணி குடிங்க.

— அவளோட அஞ்சாவது பொறந்த நாளு. எல்லாப் புள்ளைங்களும் கேக்கு வெட்டுதுன்னு அழுதா. கடையில கேட்டேன். ‘முட்டைகூடப் போடறதில்லம்மா, சுத்த சைவம்’ன்னாங்க. முட்டையே இல்லாதப்ப பாலு மட்டும் எங்க இருக்கப் போவுதுன்னு நெனச்சேன். மேல வெள்ளையா இருந்துச்சு பாரு, அதயும் சக்கரைன்னுதான் நெனச்சேன். அவங்கப்பன் ஆஞ்சப்பன், ‘நீ ஊட்டு, நான் போட்டோ எடுக்கறேன்’னாரு. எங் கையால ஊட்டுனேம்மா. ஒரு வாயி. ஒரே ஒரு வாயி…

— அக்கா… அழுவாதீங்கக்கா.

— கொழந்தைங்கள நாங்க எரிக்கறதில்ல. ஏரிக்கரையோரமா வச்சோம். மூணாம் நாளு பாலு ஊத்தணும்னு சொம்பு எடுத்துக்கிட்டு வந்தாங்க. எந்தப் பாலு எம் புள்ளையக் கொன்னுச்சோ, அத அவ மேலயே ஊத்துவீங்களான்னு மண்ணு மேல கவுந்து படுத்துக்கிட்டேன். நாலு பேரு சேந்து என்னைய இழுத்துப் போட்டுட்டு ஊத்திட்டாங்க.

— ஊத்திட்டாங்களா…

— அடுத்த வருஷம் வந்தா கொல்லையும் இல்ல, மேடும் இல்ல. கல்லு நட்டு, கலர் கலரா கொடி கட்டியிருந்தாங்க. தெருமுனையில அந்தப் பெரிய பாறைய மட்டும் ஒடைக்காம வுட்டுட்டாங்க பாரு, அங்கருந்து நூத்திப் பத்து அடி. அது எனக்கு மறக்கல. எண்ணிக்கிட்டே நடந்தா உன் கேட்டுல வந்து நிக்குது.

— அப்ப இதுக்கு முன்னாடியும் வந்திருக்கீங்களா?

— வருஷா வருஷம். வெளியவே நின்னுட்டுப் போயிடுவேன். இந்தத் தடவதான் போர்டைப் படிச்சேன். ‘பால், முட்டை சேர்க்காத கேக்’ன்னு போட்டிருக்குது. கேக்கு வாங்கற சாக்குல உள்ள ஒரு காலு வச்சிடலாம்னு… பைத்தியக்காரின்னு தொரத்திடாதம்மா.

— தொரத்தலக்கா. நானும் உங்ககிட்ட உண்மையச் சொல்லல.

— சந்தையில வாங்குனேன்னியே, அதா?

— ஆமா. வீடு கட்டும்போது சமையக்கட்டு மூலையில தண்ணித் தொட்டிக்குத் தோண்டுனாங்க. மொதக் கூடை மண்ணுலயே இது வந்துருச்சு. கையில ஒரு வளையல் சுத்தியிருந்துச்சு. பொம்மை வளையல் இல்லக்கா, புள்ளைங்க போடுற கண்ணாடி வளையல். இன்னும் ஒரு சாண்கூடத் தோண்ட வேணாம்னு சொல்லி, தொட்டிய வாசப் பக்கம் மாத்திட்டேன். வேற எதையும் யாரும் தொடலக்கா. சத்தியமாத் தொடல.

— வூட்டுக்காரருக்குத் தெரியுமா?

— சொல்லல. அவரு வாழ்நாள் சம்பாத்தியமே இந்த வீடுதான். சொன்னா இங்க தூங்குவாரா? ஒத்தப் பொம்மைய வச்சிருந்தா ஏன்னு கேப்பாரேன்னுதான் மத்தத எல்லாம் வாங்கி அடுக்குனேன். இதுதான்க்கா என் மொதப் பொம்மை.

— எந்த மூலைம்மா?

— அந்தா… கேக்கு சுடுற அடுப்பு இருக்குல்ல. அதுக்குக் கீழ.

— அய்யோ… சூடா இருக்குமே அவளுக்கு.

— அக்கா…

— குளுருக்குப் பயப்படுவா. எப்பவும் எம் முந்தானைக்குள்ளதான் படுத்துக்குவா. சரி… இருக்கட்டும். சூடாவே இருக்கட்டும்.

— இன்னொண்ணும் சொல்லிடுறேன். கொள்கையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாத்தூர்ல வெண்ணெயும் பாலும் போட்டுத்தான் நான் கேக்கு சுட்டேன். இங்க புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுனோம். பொங்கல. திரிஞ்சு போச்சு. பாலு சரியில்லன்னு வேற வாங்கிட்டு வந்தாங்க. அதுவும் திரிஞ்சுச்சு. அன்னைலேருந்து இந்தச் சமையக்கட்டுல பால் தங்குறதில்ல. வெண்ணெய் ஒரு நாள்ல நாறிப்போவும். தொழில விடவும் முடியல. அதான் பாலில்லாம சுடக் கத்துக்கிட்டேன்.

— ஊத்தாதீங்கன்னு நான் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல. இப்ப அவளே சொல்றா.

— எனக்கு இத்தன நாளா காரணம் தெரியலக்கா. உங்க வாயால கேட்டப்புறந்தான் தெரியுது. இந்தாங்க, பொம்மைய எடுத்துக்கிடுங்க. இது உங்களது.

— எங்களது இல்லம்மா, அவளது. அங்கயே வையி. நான் எடுத்துட்டுப் போனா தேடுவா. கேக்கை மட்டும் இங்கயே வெட்டிக்கட்டுமா? ஒம்போது வருஷம் ஆச்சு. ஆசையாக் கேட்டதுல ஒரு வாயிகூட அவளுக்கு ஒத்துக்கல. இன்னும் பசியோடவே இருக்கறாளோ என்னவோன்னுதாம்மா எனக்குச் சோறு எறங்கறதில்ல.

— பசியோட இல்லக்கா. சுடுற ஒவ்வொரு கேக்குலயும் மொதத் துண்டு அந்தத் தட்டுலதான் வைக்கிறேன். விடிஞ்சு பாத்தா, தொடச்சு வச்ச மாதிரி காலியா இருக்கும்.

— எறும்பு தின்னுட்டுப் போயிருக்கும்மா. நீ வேற…

— இந்த வீட்டுக்கு எறும்பே வர்றதில்லக்கா. மருந்து போடுறேன்னு சொன்னதும் பொய்தான்.