குழல் மேல இருந்த கை

அந்த செல் லைட்ட அணை மாமே. கேக்கணும்னா கம்முனு கேளு, இல்லாட்டி கீழ போய் படுத்துக்கோ. இது கட்டுக்கதை இல்ல. கரையான்சாவடில பாத்திரக்கடை வெச்சிகினு கீறான்ல நம்ம ஹாஜா மொய்தீன்... அவன் தம்பி ஜமீருக்கு நடந்தது.

செவ்வாக்கெழம, காலைல நாலரை மணி. வேப்பம்பட்டு ஸ்டேஷன் தாண்டி ஒரு மண் ரோடு. ஒரு நாய் கூட இல்ல. ஜமீர் வண்டிய ஓரம் கட்டிகினு நிக்கிறான். நடேசன்னு ஒரு பெரிய மனுசன் கார்ல வந்தாரு. கோணில சுத்தின ரெட்டைக்குழல் துப்பாக்கி. தாத்தா காலத்துது.

"கறை போவணும். குழல் மேல கீற கருநீலப் பூச்சு போவக்கூடாது. வெள்ளிக்கெழம காலைல பத்து மணிக்கு கடைக்கு வரேன்." அவ்ளோதான். போயிட்டாரு.

ஜமீர் தனியா கடை வெச்சிகினு கீறான், பழைய சாமான் தொடைக்கிறதுல கில்லாடி. உப்புத்தாள் தொடவே மாட்டான். எண்ணெய் விட்டு ஊறவெச்சு, பழைய செம்புக் காசால மெதுவா சுரண்டுவான். செம்பு இரும்ப விட மெத்து. துரு மட்டும் வரும், பூச்சு அப்படியே நிக்கும். ஆனா வெறுங்கை படக்கூடாது. வேர்வை பட்டா ஒரே ராத்திரில ரேகையோட துரு ஏறிடும்.

கறை எங்க கீதுன்னா... குழலோட வாய்ப்பக்கம். சுடுறவன் அங்க புடிக்க மாட்டான், சுட வரவன தடுக்கிறவன்தான் புடிப்பான். நாலு விரல், ஒரு கட்டவிரல். சின்னக் கை.

தொடச்சான். சுத்தமா போச்சு. பெட்டில வெச்சு பூட்டினான். மறுநாள் தொறந்தா... அதே எடம், அதே கை. ஈரமா கீது. வேர்வை நாத்தம்.

கடைக்குப் பின்னாடிதான் ஊடு. எட்டு வயசுல ஒரே பொண்ணு, மர்வா. கூப்ட்டு அறைஞ்சான். "நான் தொடல அத்தா"ன்னு அழுதுச்சு. மறுபடி தொடச்சி பூட்டினான்.

வியாழக்கெழம காலைல திரும்ப கறை. இந்த வாட்டி எதுவும் கேக்கல. இரும்பு ஸ்கேல எடுத்தான், பாவி. நான் அங்க இருந்திருந்தா அவன் கைய ஒடிச்சிருப்பேன், சத்தியமா. 'டக்'னு ஒரு சத்தம்... புள்ளையோட சுண்டுவிரல். அவன் பொண்டாட்டி நசீம் பானு தூக்கிகினு ஆஸ்பத்திரிக்கு ஓடுச்சு. கட்டு போட்டு, ராத்திரி அங்கயே படுக்க வெச்சிட்டாங்க.

வெள்ளிக்கெழம. புள்ள ஊட்லயே இல்ல. சாவி இவன் இடுப்பு பெல்ட்டுல. பெட்டிய தொறந்தான்...

கை அங்கயே கீது. சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமா வளைஞ்சிகினு கீது.

வேற எவனா இருந்தாலும் போட்டுட்டு ஓடியிருப்பான். இவனுக்கு திமிரு. என் கையால போன சாமான்ல கறைன்னு எவனும் சொல்லக்கூடாதுன்னு எண்ணெய எடுத்தான். சுண்டுவிரல் மேல காசு வெச்சு சுரண்டினான். சுர்ர்... சுர்ர்...

போன் அடிச்சுது. நசீம் பானு. "சீக்கிரம் வாங்க... கட்டுக்குள்ள யாரோ சுரண்டுறாங்கன்னு கத்துறா." பின்னாடி மர்வா அலறுறது இவனுக்கு நல்லா கேக்குது.

காசை எடுத்தான். அலறல் நின்னுச்சு.

திரும்ப வெச்சுப் பாத்தான். திரும்ப அலறல்.

வாசல்ல கார் ஹாரன். நடேசன் வந்துட்டாரு. சுண்டுவிரல் முடிஞ்சுது... இன்னும் மூணு விரல், ஒரு கட்டவிரல் பாக்கி.

ஜமீர் போன கட் பண்ணிட்டான்.

துப்பாக்கி பளிச்சுனு போச்சு மாமே. கருநீலத்துல ஒரு கீறல் இல்ல.