மதாம் மிரேய் சிரித்துக்கொண்டே போகவில்லை

மேடையில் வீற்றிருக்கும் நற்பணி மன்றத் தலைவர் அரிகிருஷ்ணன் அவர்களே, தங்கை மதாம் மிரேயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க பிரான்சிலிருந்து ஓடோடி வந்த ஐயா தொமினிக் அவர்களே, வார்டில் என்னோடு அல்லாடும் செவிலியத் தோழியரே, வைத்திக்குப்பத்திலிருந்தும் மூலக்குளத்திலிருந்தும் திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

உட்கார்ந்தே பேசலாம் என்றார்கள். என்னால் முடியவில்லை. நான் செந்தமிழ்ச்செல்வி, புற்றுநோய் வார்டின் தலைமைச் செவிலி. மதாம் கண்மூடிய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏன் தெரியுமா? நாளை வியாழக்கிழமை. எங்கள் வார்டில் மதாமின் மூச்சுப் பயிற்சி நடக்கும் நாள். கோரிமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவர்கள் "மதாம் எங்க?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். அவர்களில் பலருக்கு இன்னும் சேதி தெரியாது. நான் என்ன சொல்வேன்? எனக்குப் பின்னால் தொங்கும் இந்தப் பேனரில் இருப்பதைச் சொல்வேனா?

'புன்னகையோடு புற்றுநோயை வென்ற வீரத்தாய்!' நாளைக் காலை இதை வார்டு வாசலில் கட்டப்போவதாகச் சொல்கிறார்கள். அன்பில்தான் எழுதியிருக்கிறீர்கள். தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஐயா! இது பொய்!

மதாம் மிரேய் யார்? பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியை. எங்கள் வார்டில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறியவர். தேறியவர்கள் எங்கள் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பதுண்டா? அவர் திரும்பி வந்தார்! கீமோ ஏற்றிக்கொள்ளக் காத்திருப்பவர்களின் மனம் படும் பாட்டை நான் அறிவேன், மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தருகிறேன், இடம் கொடுங்கள் என்றார்.

முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? "எல்லாரும் கண்ண மூடி, கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்றார். உடனே துணைக்கு வந்தவர்கள் நாலு பேர் விருட்டென்று எழுந்து, கையைக் கட்டி, தலையைக் குனிந்து நின்றுவிட்டார்கள்! நம் ஊரில் அமைதி காக்கச் சொன்னால் வேறு என்ன செய்வார்கள்? அதைப் பார்த்ததும் இதோ முன்வரிசையில் இருக்கிறாரே குஞ்சம்மாள், மீன் விற்ற குரல் அல்லவா, போட்டார் பாருங்கள் ஒரு சத்தம்! "ஏம்மா, நாங்க யாரும் இன்னும் சாவல. அதுக்குள்ள மௌன அஞ்சலி நடத்துறியா?"

நான் பதறிப்போனேன். மதாமோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நியாயம்தான் குஞ்சம்மா, தப்பு என்னோடது" என்றார். அடுத்த வாரமே முறையை மாற்றினார். கண் திறந்திருக்கட்டும், வாயும் திறந்திருக்கட்டும். இந்த நிமிடம் உடம்பில் என்ன, மனதில் என்ன, அதை மட்டும் சொல்லுங்கள். வாய் கசக்குது என்பார் ஒருவர். ஃபேன் கடகடங்குது என்பார் இன்னொருவர். பயமாகீது என்பார் மற்றொருவர். யாரும் திருத்தக் கூடாது, தேற்றக் கூடாது. "எல்லாம் சரியாயிடும்" என்ற பேச்சுக்கே அங்கே தடை. சொல்லி முடித்த பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு மூச்சு. அவ்வளவுதான் அவருடைய வித்தை! நோயைக் குணமாக்க அல்ல, நோயோடு இருக்கும் மனத்துக்கு மூச்சு விட இடம் கொடுக்க!

போன வருடம் நோய் அவருக்கே திரும்பி வந்தது. அப்போதும் வந்தார்! கையில் டிரிப்போடு அதே வட்டத்தில் உட்கார்ந்தார். அவர் முறை வந்தபோது, "மோன் தியே, என் கடவுளே, கோவம் கோவமா வருது. எனக்கு ஏன் மறுபடியும்?" என்று தேம்பித் தேம்பி அழுதார். குஞ்சம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். எல்லோரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள்.

ஞாயிறு மத்தியானம் நான் பக்கத்தில் இருந்தேன். "செல்வி, பயமா இருக்குடி" என்றார். செவிலி வாய் சும்மா இருக்குமா? "ஒண்ணும் ஆவாது மதாம்" என்றேன். "பொய் சொல்லாத. இங்க வந்து உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். பயத்தோடுதான் போனார், ஆனால் தனியாகப் போகவில்லை!

போன வாரம் கொளஞ்சி என்று ஒரு பெண் வார்டில் சேர்ந்திருக்கிறாள். ஓயாமல் அழுகிறாள். நாளை அவள் இந்தப் பேனரைப் படித்தால் என்ன நினைப்பாள்? மதாம் சிரித்து வென்றார், நான் அழுகிறேன், ஆகவே நான் தோற்றுவிட்டேன் என்று நினைக்க மாட்டாளா? இதற்கா அவர் இவ்வளவு பாடுபட்டார்? கட்டாதீர்கள் ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். அவர் பெயரை மட்டும் எழுதுங்கள், போதும்.

மதாம் நடத்திய பயிற்சி நிற்காது. இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கிறேன். நாளை அவர் இடத்தில் நான் உட்காருவேன். ஓரிடத்தில் நிற்காதவள், பொறுமை இல்லாதவள், எல்லாம் எனக்கே தெரியும். இருந்தாலும் உட்காருவேன். மதாம் எங்கே என்று கேட்டால், இறந்துவிட்டார் என்பேன். பயந்தாரா என்று கேட்டால், பயந்தார் என்பேன்.

ஐயா தொமினிக் அவர்களே! வந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை உங்களிடம். தைரியமா இருங்க, தைரியமா இருங்க என்று ஆளாளுக்குச் சொல்லியே உங்களைக் கல்லாக்கிவிட்டார்கள். நாளைக் காலை எங்கள் வார்டுக்கு வாருங்கள். என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். அங்கே யாரும் உங்களைத் தைரியமாக இருக்கச் சொல்ல மாட்டோம்.