ஜோடி பிரிந்த பீங்கான் ஜாடி

— கைப்பிடிய மட்டும் புடிச்சுத் தூக்காத கண்ணு, கழண்டுக்கும். அடியில கை குடு.

— கைப்பிடியில இருக்கறது என்ன மிருகமுங்க? தலை ஆடாட்டம் இருக்குது, கொம்பு சுருண்டிருக்குது. கழுத்துக்குக் கீழ பாத்தா மீன் செதிலு!

— இருவத்தி நாலு வருசமாத் தொடைக்கறேன், எனக்கும் தெரியல. வெள்ளக்காரன் மனசுல நெனச்ச மிருகம் போல. ஏற்காட்டுல பழைய பங்களாச் சாமானமெல்லாம் ஏலம் உட்டாங்க. லாரியில ஏத்தப் போன எங்கூட்டுக்காரரு ஆசப்பட்டு வாங்கியாந்தாரு.

— ஒத்தையாவாங்க?

— ஜோடிதான். ஒண்ணு அப்பவே ஒடஞ்சு போச்சு. ஒத்தைய ஊட்டுல வெக்கக் கூடாதுன்னு இப்ப ஆரோ அவருகிட்டச் சொல்லிப்போட்டாங்க. அதான் விக்கறதுக்குப் போன்ல போட்டோ போட்டேன். நீ எங்கிருந்து வார சாமி?

— குமாரபாளையமுங்க. எங்கூட்டு ஜாடி இது, இந்தப் போட்டோவப் பாருங்க. உங்குளுதுல வரைஞ்சிருக்கற வெள்ளக்காரச்சி வலப்பக்கம் பாக்குறா. இதுல இடப்பக்கம்.

— உங்கம்மா பேரென்ன?

— அங்கம்மாளுங்க.

— எங்கூட்டுக்காரரோட தங்கச்சி அங்கம்மாளா?

— ஆமாங்க அத்தை. நான் யாழினி. அம்மா தறிக்காரரக் கட்டிக்கிட்டுப் போனப்ப, எனக்குத் தங்கச்சியே இல்லீன்னு மாமன் தலை முழுகிட்டாருன்னு தெரியுமுங்க. ஆனா நான் பொறந்தப்ப, உங்கூரு சங்ககிரி லாரி ஒண்ணு பேரில்லாத பெட்டிய எறக்கிட்டுப் போச்சு. உள்ள வைக்கோலு சுத்தி இந்த ஜாடி. எங்கண்ணந்தான் அனுப்பிச்சுது, மனசுல பாசம் இருக்குதுன்னு அம்மா இன்னைக்கும் சொல்லுது.

— அப்படியா சொல்லுது அங்கம்மா?

— தை மாசம் எனக்குக் கல்யாணமுங்க. மாமன் சீரு இல்லாம எப்படின்னு அம்மா அழுகுது. போன்ல உங்க ஜாடியப் பாத்ததும் எனக்குத் தைரியம் வந்துருச்சு. பத்திரிகை கொண்டாந்திருக்கறேன். மாமன் கையிலயே குடுக்கோணும். எப்ப வருவாருங்க?

— அவரு வாங்க மாட்டாரு சாமி. உங்கம்மா பேரெடுத்தா இன்னைக்கும் சோத்துத் தட்டத்தத் தள்ளிப்போட்டு எந்திரிச்சுக்கறாரு.

— அப்பறம் எதுக்குங்க அத்தை ஜாடிய அனுப்பிச்சாரு?

— பேனா வெச்சிருக்கியா? பத்திரிகையில சௌந்திரம்னு எம்பேர எழுது. அவரு வந்தாலும் வராட்டியும் சீர்த்தட்டத்தோட நான் வாரேன். ஒடஞ்சு போச்சுன்னு அவருகிட்டப் பொய் சொல்லிப்போட்டு, அந்த ஜாடிய அனுப்பிச்சது நாந்தான்.